ராணுவத்திலிருந்து அவப்பெயரோடு வெளியேற்றப்பட்டால்: ஆணையை எதிர்த்து வழக்காடுவதற்கு முழுமையான வழிகாட்டி

தண்டனையாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஜவான் ஊருக்குத் திரும்பியதும் அந்த ஆணையை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார். கேட்பவர்களிடம் "நானே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்" என்கிறார். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில் இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். ஆனால் ராணுவ வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக சட்டம் கொடுத்திருப்பது ஆறே மாதம். கூச்சத்தில் அந்த ஆறு மாதமும் போய்விட்டால், நல்ல வழக்குகூட வாசற்படியிலேயே நின்றுவிடும். அதனால்தான் இதை இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது தரைப்படைக்கு, அதிலும் சிப்பாய் முதல் ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு. அடிப்படை 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளும். கடற்படை, விமானப்படைக்குத் தனிச் சட்டங்கள் உண்டு, விதி எண்கள் மாறும். போகவேண்டிய தீர்ப்பாயம் ஒன்றுதான். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். வீரர்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. அவர்கள் துறை மேல்முறையீட்டை முடித்துவிட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் போடவேண்டும்.

முதல் வேலை: உங்களை எப்படி அனுப்பினார்கள் என்று கண்டுபிடியுங்கள்

"டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க" என்று எல்லாரும் பொதுவாகச் சொல்கிறார்கள். சட்டத்தில் அது ஒரே விஷயமாக இல்லை. ஆணையின் முதல் பத்தியில் எந்தப் பிரிவு, எந்த விதி என்று எழுதியிருக்கும். அந்த எண்தான் உங்கள் வழக்கின் தலையெழுத்து.

கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்றம், தண்டனையாக டிஸ்மிஸ் செய்திருந்தால் அது ராணுவச் சட்டத்தின் பிரிவு 71இன் கீழ் வரும். ஜவான்களுக்குப் பெரும்பாலும் நடப்பது சம்மரி கோர்ட் மார்ஷல். எஸ்.சி.எம். என்பார்கள். அதில் யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் (சி.ஓ.) ஒருவரே நீதிபதி.

விசாரணை மன்றம் இல்லாமல் நிர்வாக ஆணையாலேயே டிஸ்மிஸ் அல்லது ரிமூவ் செய்திருந்தால் பிரிவு 20, விதி 17. இதைச் செய்ய பிரிகேட் கமாண்டருக்கு நிகரான அதிகாரியாவது வேண்டும். உங்கள் மீது என்ன குற்றச்சாட்டு என்று விவரமாகச் சொல்லி, எழுத்தில் பதில் தர நியாயமான அவகாசமும் தரவேண்டும். கிரிமினல் கோர்ட்டோ கோர்ட் மார்ஷலோ ஏற்கெனவே தண்டித்த நடத்தைக்காக அனுப்பினால் மட்டும் இந்த நோட்டீஸ் தேவையில்லை. நோட்டீஸ் கொடுப்பது நடைமுறையில் இயலாது என்று அதிகாரி சான்றெழுதித் தவிர்க்கவும் முடியும். அப்படித் தவிர்த்திருந்தால் அந்தச் சான்று கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வகையில்தான் நம் ஊர்ப் பையன்கள் அதிகம் மாட்டுகிறார்கள். அது பிரிவு 22, விதி 13இன் கீழான டிஸ்சார்ஜ். "சர்வீஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்" (சேவை இனித் தேவையில்லை) என்று டிஸ்சார்ஜ் புக்கில் எழுதி அனுப்புவார்கள். விதி 13(3) அட்டவணையில் மூன்றாம் பகுதி, ஐந்தாவது இனம். இதற்கும் பிரிகேட் அல்லது சப் ஏரியா கமாண்டர்தான் அதிகாரி. சூழ்நிலை இடம்கொடுத்தால் ஷோ காஸ் நோட்டீஸ் (ஏன் அனுப்பக்கூடாது என்று விளக்கம் கேட்கும் நோட்டீஸ்) தரவேண்டும் என்று விதியே சொல்கிறது. சி.ஓ.வே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் அந்த ஒன்றுக்காகவே வழக்குப் போடலாம். பயிற்சியில் இருக்கும் ரெக்ரூட்டை "திறமையான சிப்பாயாக வரமாட்டார்" என்று அனுப்புவது வேறு, அதற்கு சி.ஓ.வுக்கே அதிகாரம் உண்டு.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் பென்ஷன். ராணுவ பென்ஷன் ஒழுங்குமுறையின்படி (1961ஆம் ஆண்டினதில் எண் 113, 2008ஆம் ஆண்டினதில் எண் 41), டிஸ்மிஸ் ஆனவருக்கு அதற்கு முன் செய்த சேவைக்கெல்லாம் பென்ஷனோ கிராஜுவிட்டியோ கிடையாது. மிக அரிதாக, அதிகாரமுள்ள மேலிடத்தின் விருப்புரிமையில் தரலாம், அவ்வளவே. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தத் தகுதி போவதில்லை. பதினாறு வருடம் பணிபுரிந்தவர் டிஸ்சார்ஜ் ஆனால் பென்ஷனோடு வருவார், டிஸ்மிஸ் ஆனால் வெறுங்கையோடு வருவார். அதனால் டிஸ்மிஸலை டிஸ்சார்ஜாக மாற்றிக் கேட்பதே சில வழக்குகளில் சரியான கோரிக்கை.

இன்னொன்று. பிரிவு 23இன்படி வெளியேறும் ஒவ்வொரு ஜவானுக்கும் சி.ஓ. ஒரு சான்றிதழ் தரவேண்டும்: யார் ஆணையிட்டது, என்ன காரணம், மொத்த சேவைக்காலம் எவ்வளவு. அதை அவருடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழ் ஜவானுக்குத் தமிழில். கையில் எந்தத் தாளும் தராமல் அனுப்பியிருந்தால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

இன்னும் யூனிட்டில் இருக்கிறீர்கள், ஷோ காஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது என்றால்

வழக்கின் பாதி இங்கேயே முடிவாகிவிடும். பத்து வருடம் கழித்து நீதிபதி படிக்கப்போவது இன்று நீங்கள் எழுதும் பதிலைத்தான்.

நான்கு ரெட் இங்க் என்ட்ரி (தண்டனையைச் சிவப்பு மையில் பதியும் குறிப்பு) விழுந்தால் வீட்டுக்குத்தான் என்று பாரக்கில் எல்லாரும் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. ராணுவத் தலைமையகம் 1988 டிசம்பர் 28 அன்று அனுப்பிய கடிதமே, நான்கு ரெட் இங்க் என்பதற்காக மட்டும் டிஸ்சார்ஜ் செய்வது கட்டாயமில்லை என்கிறது. ஒவ்வொரு என்ட்ரியும் எந்தக் குற்றத்துக்காக விழுந்தது, எத்தனை வருட சேவை, எந்தெந்தக் கடினமான இடங்களில் பணிபுரிந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதையெல்லாம் பார்க்கவேண்டும். முதலில் ஒரு பூர்வாங்க விசாரணையும் நடத்தவேண்டும்.

2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடிதத்தைக் கையிலெடுத்தது. விதி 13 மேலோட்டமாகத் தரும் பாதுகாப்பை இந்த நடைமுறை முழுமையாக்குகிறது, ராணுவமே வகுத்த நடைமுறையை ராணுவம் மீறக்கூடாது என்றது. பூர்வாங்க விசாரணை இல்லாமல் வெறும் என்ட்ரிகளை எண்ணி அனுப்பிய ஆணை ரத்தானது. பென்ஷனுக்குத் தகுதியான காலம் வரை அவர் பணியில் இருந்ததாகக் கருதவேண்டும், பின்சம்பளம் கிடையாது, பென்ஷன் உண்டு என்று தீர்ப்பு வந்தது. ரெட் இங்க் வழக்கில் யதார்த்தமான வெற்றி எப்படி இருக்கும் என்பதற்கு இதுதான் அளவுகோல். திரும்ப யூனிஃபார்ம் போடுவது அபூர்வம். பென்ஷன் கிடைப்பது நடக்கக்கூடியது.

எதிர்ப்பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019இல் சத்குர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் டிஸ்சார்ஜை உறுதிசெய்தது. அவருக்கு விவரமான ஷோ காஸ் நோட்டீஸ் போயிருந்தது. அவர் தந்த பதிலில் உருப்படியான விளக்கம் எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப லீவ் முடிந்து தாமதமாக வந்ததற்குக் காரணமும் காட்டவில்லை. "மன்னித்துவிடுங்கள், இனி நடக்காது" என்று நாலு வரி எழுதித் தரச் சொல்லும் சீனியர்கள் எல்லா யூனிட்டிலும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்த நாலு வரிதான் பிறகு உங்களுக்கு எதிரான முதல் ஆவணம்.

பதில் எழுதுமுன் எழுத்தில் மனு கொடுத்து ஆவணங்களைக் கேளுங்கள்: ஒவ்வொரு ரெட் இங்க் என்ட்ரிக்கும் உரிய குற்றப்பத்திரிகை, விசாரணை நடவடிக்கை, பூர்வாங்க விசாரணை அறிக்கை. தர மறுத்தால் மறுத்ததையே பதிலில் எழுதுங்கள். பிறகு என்ட்ரி ஒவ்வொன்றாக எடுத்து, தேதியோடு, என்ன நடந்தது என்று சொல்லுங்கள். லீவ் நீட்டித்ததற்கு அப்பாவின் ஆபரேஷன் காரணம் என்றால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள். "குடும்பப் பிரச்சினை" என்ற ஒற்றைச் சொல்லுக்கு எந்த மன்றத்திலும் மதிப்பில்லை. சியாச்சின், காஷ்மீர், வடகிழக்கு என்று எங்கெல்லாம் இருந்தீர்கள், என்ன மெடல், என்ன பாராட்டு, பென்ஷனுக்கு எத்தனை மாதம் பாக்கி என்று எழுதுங்கள். 1988 கடிதத்தையும் துபே தீர்ப்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஒரு நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

லீவ் முடிந்தும் ஊரிலேயே இருப்பவர்களுக்கு

நம் மாவட்டங்களிலிருந்து போகும் பையன்களின் வேலை அதிகமாகப் போவது இதில்தான். முப்பது நாள் அனுமதியில்லாமல் வராவிட்டால் பிரிவு 106இன்கீழ் கோர்ட் ஆஃப் என்கொயரி கூடும். பிறகு ஓடிப்போனவர் என்று பதிவாகிவிடும். 2023இல் மதன் பிரசாத் என்ற ஓட்டுநரின் வழக்கில், நீட்டித்த லீவும் முடிந்து நூறு நாளுக்கு மேல் வராததற்காக எஸ்.சி.எம். விதித்த டிஸ்மிஸலை உச்ச நீதிமன்றம் சரி என்றது. படையில் இருப்பவருக்கு இது ஏற்கமுடியாத ஒழுங்கீனம் என்பதே அதன் நிலைப்பாடு.

ஆகவே இன்னும் போகாமல் இருந்தால் இன்றே சொந்த யூனிட்டில் போய் ஆஜராகுங்கள். அவ்வளவு தூரம் போக உடல்நிலை இடம்தராவிட்டால் சென்னை, வெலிங்டன் ராணுவ மருத்துவமனைகளில் ஒன்றிலோ பக்கத்து ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸிலோ ரிப்போர்ட் செய்யுங்கள். தனியார் டாக்டரிடம் வாங்கிய சான்றிதழை மட்டும் நம்பி வீட்டில் படுத்திருக்காதீர்கள். யூனிட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு தகவலுக்கும் தடயம் இருக்கட்டும். போனில் சுபேதார் சாஹிபிடம் சொன்னேன் என்பதை நிரூபிக்கவே முடியாது.

சம்மரி கோர்ட் மார்ஷல்: எங்கே ஓட்டை இருக்கும்

எஸ்.சி.எம். மிக வேகமானது. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட சி.ஓ. ஒருவர் ஒரு வருடம் வரை சிறையும் டிஸ்மிஸலும் ஒரே நாளில் விதிக்கலாம். அந்த வேகத்திலேயே தவறுகளும் நடக்கின்றன. நடவடிக்கை நகல் கைக்கு வந்ததும் இவற்றைத் தேடுங்கள்.

விதி 34இன்படி, குற்றச்சாட்டைச் சொன்னதற்கும் விசாரணை தொடங்குவதற்கும் இடையில் குறைந்தது 96 மணி நேரம் இருக்கவேண்டும். ஆக்டிவ் சர்வீஸில் (களப்பணியில்) இருந்தால் 24 மணி நேரம். தேதியும் நேரமும் ஆவணத்திலேயே இருக்கும், கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

விதி 115இன்படி, குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொன்னால், அந்தக் குற்றச்சாட்டின் பொருள் என்ன, ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று மன்றம் விளக்கி, அது புரிந்துதான் சொல்கிறார் என்று உறுதிசெய்து பதிவு செய்யவேண்டும். "ஒத்துக்கோ, சீக்கிரம் முடிச்சுடலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிய கதைகள் ஏராளம். இந்தி அரைகுறையாகவும் ஆங்கிலம் அதைவிடக் குறைவாகவும் தெரிந்த ஒரு பையனுக்கு அந்த விளக்கம் எந்த மொழியில் போனது என்பது நியாயமான கேள்வி. விசாரணை இனிமேல்தான் என்றால், செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள். விதி 129 உங்களுக்கு உதவ ஒரு நண்பரையோ வழக்கறிஞரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அவர் மன்றத்தில் பேசமுடியாது, உங்களுக்கு ஆலோசனை சொல்லமுடியும்.

கோர்ட் ஆஃப் என்கொயரியில் உங்கள் நடத்தையோ பெயரோ பாதிக்கப்படுமானால், விதி 180இன்படி அது நடக்கும் நேரம் முழுக்க நீங்கள் அங்கே இருக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் தரப்பைச் சொல்லவும் வாய்ப்பு இருக்கவேண்டும்.

எஸ்.சி.எம். என்பதே விதிவிலக்கு, உடனடி நடவடிக்கைக்கு அவசியம் இருக்கும்போதுதான் அதைப் பயன்படுத்தவேண்டும் என்று 2016இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவசரம் என்ன என்று கோப்பில் எதுவும் இல்லாவிட்டால் அதையும் எழுப்புங்கள்.

இந்தத் துறையில் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் படிக்கமுடியும் என்றால் 1987இன் ரஞ்சித் தாக்கூர் தீர்ப்பைப் படியுங்கள். அவர் ஒரு சிக்னல்மேன். தன் மேலதிகாரி கொடுமைப்படுத்துகிறார் என்று நேரடியாக மேலிடத்துக்கு எழுதினார். வழிமுறை மீறிய அந்தக் கடிதத்துக்காக 28 நாள் சிறை. சிறையில் இருக்கும்போது சாப்பிடு என்று உத்தரவிட்டார்கள், மறுத்தார். சாப்பிட மறுத்தது உத்தரவை மீறிய குற்றம் என்று எஸ்.சி.எம். நடத்தி ஒரு வருடச் சிறையும் டிஸ்மிஸலும் விதித்தார்கள். அந்த மன்றத்தில் உட்கார்ந்தது யாரைப் பற்றி அவர் புகார் எழுதினாரோ அதே அதிகாரி. மன்றத்தின் உறுப்பினர் மீது ஆட்சேபம் உண்டா என்று பிரிவு 130இன்படி கேட்கவும் இல்லை. உச்ச நீதிமன்றம் மூன்று காரணங்களைச் சொல்லி ரத்து செய்தது: ஆட்சேபம் கேட்காதது, ஒருதலைப்பட்சம், குற்றத்துக்குப் பொருந்தாத அளவுக்கு மனசாட்சியை உலுக்கும் தண்டனை. பணப்பலன், பணிப்பலன் எல்லாவற்றோடும் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. இன்றுவரை தண்டனை அதிகம் என்று வாதாடும் ஒவ்வொரு வழக்கிலும் இந்தத் தீர்ப்பு வந்து நிற்கிறது.

ஆவணங்களைத் திரட்டுதல்

எங்கே கேட்பது? உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசில். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் ஏ.எஸ்.சி.க்கும் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்குச் செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். மனு பொதுவாக இருக்கக்கூடாது, பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஷீட் ரோல் (சேவைப் பதிவேடு), கண்டக்ட் ஷீட் (நடத்தைப் பதிவேடு), எல்லா பார்ட் டூ ஆர்டர்களும் (யூனிட் வெளியிடும் பணி ஆணைகள்), ஒவ்வொரு தண்டனைக்கும் உரிய விசாரணை நடவடிக்கை, ஷோ காஸ் நோட்டீஸ், உங்கள் பதில், சி.ஓ.வின் பரிந்துரை, பிரிகேட் கமாண்டரின் ஆணை, மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள். கோர்ட் மார்ஷல் நடந்திருந்தால் நடவடிக்கையின் நகல் பெற விதி 147 தனியாக உரிமை தருகிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பென்ஷன் இல்லாமல் போனவர்களின் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பின் அழித்துவிடும் நடைமுறை இருப்பதால், பழைய வழக்குக்காரர்கள் இந்த மனுவை நாளைக்குத் தள்ளவேண்டாம்.

முதலில் ராணுவத்துக்குள்ளேயே மனு

தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 21, உள்ளே இருக்கும் வழிகளை முயன்றுவிட்டு வா என்கிறது. எஸ்.சி.எம். தண்டனைக்கு எதிராக ராணுவச் சட்டத்தின் பிரிவு 164இல் மனு, நிர்வாக ஆணைக்கு எதிராகப் பிரிவு 26இன் வழியில் புகார். எஸ்.சி.எம். நடவடிக்கையைப் பிரிவு 162இன்கீழ் மேலதிகாரி ரத்து செய்யலாம், தண்டனையைக் குறைக்கலாம். வெறும் நடைமுறைப் பிசகுக்காக மட்டும் அதைச் செய்யமாட்டார் என்பதால், இந்த மனுவில் வழக்கின் நியாயத்தையும் தண்டனையின் கடுமையையும் முன்னால் வையுங்கள். நடைமுறை மீறல்களையும் விடாமல் எழுதுங்கள், அவை தீர்ப்பாயத்துக்குத் தேவைப்படும்.

இந்த மனுவில் வெற்றி அரிது. ஆனாலும் ஒப்புக்குப் போடாதீர்கள். தீர்ப்பாயத்தில் நீங்கள் புதிதாக ஒன்றைச் சொன்னால், "இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும்.

காலக்கெடு

தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 22. உங்கள் மனுவின்மீது இறுதி ஆணை வந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம். பதிலே வராவிட்டால், மனுப் போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருந்து, அது முடிந்த நாளிலிருந்து இன்னொரு ஆறு மாதம். மார்ச் 1 அன்று மனுப் போட்டு அவர்கள் மௌனமாக இருந்தால், ஆகஸ்ட் இறுதியோடு காத்திருப்பு முடிகிறது. அடுத்த பிப்ரவரி இறுதிக்குள் தீர்ப்பாயத்தில் இருக்கவேண்டும்.

வருடாவருடம் நினைவூட்டல் மனு அனுப்பினால் கெடு நீளும் என்று பலர் நம்புகிறார்கள். நீளாது. 2008இல் சி. ஜேக்கப் என்ற கனிமவளத் துறை ஊழியரின் வழக்கில், பல வருடம் கழித்துப் போட்ட மனுவுக்குத் துறை பதில் எழுதிவிட்டது என்பதற்காகச் செத்த உரிமை உயிர்பெறாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏற்கெனவே கெடு தாண்டிவிட்டதா? தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு, போதிய காரணம் காட்டவேண்டும். தாமத மனுவின் பிரமாணப் பத்திரத்தில் "வறுமை, அறியாமை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குச் சொல்லுங்கள்: எப்போது ஆணை கைக்கு வந்தது, எப்போது ஆவணம் கேட்டீர்கள், எப்போது மருத்துவமனையில் இருந்தீர்கள்.

பென்ஷனுக்கு மட்டும் ஒரு சலுகை. அது மாதாமாதம் தொடரும் இழப்பு. 2008இன் தர்சேம் சிங் தீர்ப்பின்படி, தாமதமாக வந்தாலும் உரிமை இருந்தால் பென்ஷன் கிடைக்கும், பழைய பாக்கி மட்டும் வழக்குக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிற்கும். வேலைநீக்க ஆணைக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அது ஒருநாளில் முடிந்த செயல்.

தீர்ப்பாயத்தில்

2007ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 ஆகஸ்டிலிருந்து இயங்குகிறது. தலைமை அமர்வு டெல்லியில். சென்னையில் ஒரு வட்டார அமர்வு. ஒரு நீதித்துறை உறுப்பினரும், முன்பு உயர் பதவியில் இருந்த ஒரு ராணுவ அதிகாரியும் சேர்ந்து விசாரிப்பார்கள். சம்பவம் காஷ்மீரில் நடந்திருந்தாலும், வெளியேறியவர் இப்போது எங்கே குடியிருக்கிறாரோ அந்த அமர்வில் வழக்குப் போடலாம். அதாவது ராமநாதபுரத்துக்காரர் ஜம்முவுக்கு அலையவேண்டியதில்லை.

எஸ்.சி.எம். வழக்குகளில் எல்லாவற்றையும் இந்தத் தீர்ப்பாயம் எடுக்காது. தண்டனை டிஸ்மிஸலாகவோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையாகவோ இருந்தால் எடுக்கும்.

எதிர்மனுதாரர்களாக இந்திய அரசு (பாதுகாப்புச் செயலர் வழியாக), ராணுவத் தலைமைத் தளபதி, ரெக்கார்ட்ஸ் அதிகாரி, கமாண்டிங் ஆபீசர் ஆகியோரைச் சேருங்கள். பென்ஷன் கேட்டால் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்தையும் சேர்க்கவேண்டும். கோரிக்கையைப் படிப்படியாக இறக்கிக் கேளுங்கள். ஆணை ரத்து, தொடர் சேவையோடு மீண்டும் வேலை. அது இயலாவிட்டால், பென்ஷன் தகுதிக் காலம் வரை சேவையில் இருந்ததாகக் கருதுதல். அதுவும் இயலாவிட்டால், டிஸ்மிஸலை டிஸ்சார்ஜாக மாற்றுதல். ஜவானின் பென்ஷனுக்கு 15 வருடம் வேண்டும். குறை 12 மாதத்துக்குள் இருந்தால் மன்னிக்க வழி உண்டு, எல்லாருக்கும் அது பொருந்தாது என்பதால் வழக்கறிஞரிடம் கேட்டுச் சேருங்கள். கோர்ட் மார்ஷல் வழக்கில் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 15 தீர்ப்பாயத்துக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை நேரடியாகவே தருகிறது. கேட்காததை யாரும் தரமாட்டார்கள்.

நீங்களே வாதாடலாம், சட்டம் அனுமதிக்கிறது. என் கருத்தில் ராணுவ வழக்குப் பழக்கமுள்ள ஒருவர் வேண்டும். சிவில் வழக்குகளில் கெட்டிக்காரரான ஒருவருக்கு விதி 180ஐப் பற்றித் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது. கட்டணம் கட்ட இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுள்ளவர்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

மனநலம், காயம், நோய் சம்பந்தப்பட்டிருந்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், குடும்பத்தார் இதை மறைத்துவிடுகிறார்கள். எல்லையில் இருந்து வந்தபின் தூங்கமுடியாமல், குடித்து, லீவ் முடிந்தும் போகமுடியாமல் கிடந்த ஒருவரின் கண்டக்ட் ஷீட்டில் நோய் தெரியாது, குடியும் ஓவர்ஸ்டேயும்தான் தெரியும். ராணுவ மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சேர்ந்திருந்தாரா, மெடிக்கல் கேட்டகிரியில் மனநலத்தைக் குறிக்கும் முதல் எழுத்து குறைக்கப்பட்டதா, அதன் தேதியும் குற்றச்சாட்டின் தேதியும் எப்படி ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஊரில் மனநல மருத்துவரிடம் காட்டிய சீட்டு இருந்தால் அதைக் கூச்சப்படாமல் கோப்பில் சேருங்கள். அந்தச் சீட்டு ஒழுங்கீனத்தை நோயாகக் காட்டக்கூடிய ஒரே சாட்சியாக இருக்கலாம்.

உடல் தகுதியில்லை என்று அனுப்பப்பட்டவர்களின் நிலை வேறு. 2013இன் தரம்வீர் சிங் தீர்ப்பு அவர்களுக்குப் பெரிய துணை. சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால், அது சேவையில் வந்தது என்றே கருதவேண்டும், மறுப்பதென்றால் மெடிக்கல் போர்டு காரணம் எழுதவேண்டும் என்றது. 2023இல் தகுதி விதிகள் மாற்றப்பட்டிருப்பதால், நீங்கள் எந்த வருடம் வெளியேறினீர்கள் என்பது முக்கியம்.

தீர்ப்புக்குப் பின்

தோற்றால் இரண்டு வழி. உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருக்கவேண்டும், தீர்ப்பாயத்திடமே முதலில் அனுமதி கேட்கவேண்டும், அதற்கு முப்பது நாள்தான். இன்னொன்று, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் ரிட். 2015க்குப் பின் இந்தக் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது. 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்துவிட்டது. சென்னை அமர்வில் தோற்றவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடலாம். டெல்லி போக வசதியில்லாத குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

ஜெயித்தாலும் பணம் தானாக வந்துவிடாது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை ஒரு கடிதத்தோடு ரெக்கார்ட்ஸுக்கும் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கும் நீங்களே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தீர்ப்பில் சொன்ன கெடு தாண்டினால் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 29இன்கீழ் நிறைவேற்று மனு. பென்ஷன் ஆணை வந்ததும் டிஸ்சார்ஜ் புக்கில் காரணமும் நடத்தைக் குறிப்பும் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்கீனத்துக்காக அனுப்பப்பட்டவர் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வரமாட்டார், பழைய வாசகம் அப்படியே இருந்தால் அடுத்த ஒவ்வொரு கவுண்டரிலும் அதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். திருத்திய புக்கோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவுசெய்து அடையாள அட்டை வாங்கி, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டைக்கு மனைவி, பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.